ஹேட், ஹாஸ்ஸென், ஹாட்டா: வெறுப்புக்கு இத்தனை மொழிகளில் ஒரே வினைச்சொல்லா?

நிலா_ஒஸ்லோ:

எல்லோருக்கும் வணக்கம். சொற்களின் கதை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

போன கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் அவித்துச் சொதி வைத்திருந்தேன். ஏழு வயது மகள் தட்டை இரண்டு விரலால் தள்ளிவிட்டு, "யெய் ஹாட்டர் இடியப்பம்" என்றாள். இடியப்பம் என்ற சொல்லை மட்டும் அழகாகத் தமிழில் சொன்னாள். நான் ஓர் அதட்டுப் போட்டேன். அடுத்த வசனத்தில் இடியப்பம் இருந்த இடத்தில் நான் இருந்தேன். சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இங்கே நோர்வேயில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தையும் மழையையும் இதே வினைச்சொல்லால்தான் ஏசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் மனம் உடனே தமிழில் போட்டுப் பார்த்துவிட்டது: "நான் உன்னை வெறுக்கிறேன்." நான் வளர்ந்த வீட்டில் ஒருவரும் ஒருவருக்கும் இப்படி ஒரு வசனம் சொன்னதில்லை. கோபம் வந்தால் "உன்னோட கதைக்க மாட்டன்" என்போம். மிஞ்சிப்போனால் "என்ர கண்ணில முழிக்காதை." அன்றைக்கு எனக்கு நித்திரையே வரவில்லை.

இந்த 'ஹாட்டெ', ஆங்கில 'ஹேட்', ஜெர்மன் 'ஹாஸ்ஸென்', எங்கள் சுவீடன் உறவுக்காரப் பிள்ளைகள் சொல்லும் 'ஹாட்டா' எல்லாம் ஒரே சொல்லா? ஒன்றென்றால், எல்லா இடத்திலும் அதற்கு ஒரே கனமா?

பழஞ்சொல்:

நிலா அம்மா, தாயாக உங்களுக்கு வலித்ததற்கு என்னிடம் மருந்து இல்லை. சொல்லின் கதையைச் சொல்கிறேன்.

ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் ஹேட், டச்சில் ஹாட்டென், ஜெர்மனில் ஹாஸ்ஸென், சுவீடிஷிலும் ஐஸ்லாந்திலும் ஃபாரோ தீவுகளிலும் ஹாட்டா, நோர்வேயில் ஹாட்டெ, டேனிஷில் ஹேதெ. பழைய ஆங்கிலத்தில் 'ஹாட்டியன்'. கிழக்கே அழிந்துபோன கோதிக் மொழியில் 'ஹத்தன்', 'ஹத்யன்' என்று இரண்டு வடிவம். ஜெர்மானிய மொழிக்குடும்பம் கிளை பிரிவதற்கு முன்னாலேயே வீட்டில் இருந்த சொல் என்பதால் எல்லாப் பிள்ளைகளும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒலி ஏன் மாறியது? ஜெர்மனில் மட்டும் நடுவில் 'ஸ்ஸ்' வந்திருப்பதைப் பாருங்கள். தெற்கே மலைப்பக்கத்தில் பேசிய ஜெர்மானியர்கள், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், உயிரெழுத்துக்குப் பின்னால் வந்த 'ட்'டை 'ஸ்ஸ்' ஆக்கிவிட்டார்கள். வாட்டர் வாஸ்ஸர் ஆனது, ஈட் எஸ்ஸென் ஆனது, ஹேட் ஹாஸ்ஸென் ஆனது. வடக்கே கடலோரத்தில் பேசப்படும் தாழ் ஜெர்மனில் இந்த மாற்றம் இல்லை. அங்கே இன்றும் 'ஹாட்டென்'தான். டேனிஷ்காரர்கள் எதிர்த்திசையில் போனார்கள், 'ட்'டைத் தளர்த்திவிட்டார்கள். தெருவுக்கு சுவீடிஷில் காட்டா, டேனிஷில் காதெ. ஹாட்டா ஹேதெ ஆனதும் அதே வழிதான்.

ஐந்தோவன்_செந்தில்:

நிலா அக்கா, ரொம்ப மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்தச் சொல்லையும் தினமும் தேய்த்தால் முனை மழுங்கிவிடும். ஆங்கிலத்தில் "உங்களைத் தொந்தரவு செய்யவே ஹேட் பண்றேன்" என்று மரியாதைக்குக்கூடச் சொல்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் ரயில் தாமதமானால் ஹாஸ்ஸென் என்கிறார்கள். உங்கள் மகள் சொன்னதும் அந்த ரகம்தான்.

டச்சில் ஒரு வித்தியாசம் உண்டு. நான் இங்கே நெதர்லாந்துக்கு வந்த புதிதில் அலுவலகச் சாப்பாட்டு மேசையில், மோரை 'ஹாட்டென்' என்று சொல்லிவிட்டேன். பெட்டிப் பெட்டியாக மோர் குடிக்கிற ஊர் இது. பக்கத்தில் இருந்தவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மோர் உனக்கு என்ன செய்தது?" என்று கேட்டார். அப்புறம் சொல்லிக் கொடுத்தார்: சாதாரண வெறுப்புக்கு 'ஏன் ஹேகெல் ஹெபென்' என்பார்கள், 'ஒரு ஹேகெல் வைத்திருத்தல்'. ஹேகெல் என்பது ஆளிச்செடி நாரைச் சீவும் சீப்பு. பலகையில் நெருக்கமாக இரும்பு முட்கள் அடித்திருக்கும். நாரைக் கொத்தாகப் பிடித்து அதன்மேல் அடித்து இழுத்தால் சக்கையெல்லாம் போய் நூல் மட்டும் நிற்கும். ஒருவரை வறுத்தெடுப்பதை "ஹேகெல்மேல் இழுப்பது" என்பார்கள். கூட்டத்தில் எழுந்து பேச்சாளரை மடக்குவதற்கு ஆங்கிலத்தில் வரும் 'ஹெக்கிள்' இதே கருவியின் பெயர்.

தென்றல்_ஓர்ஹூஸ்:

செந்தில் தம்பி, தேய்ந்துவிட்டது என்று இவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது. நான் டென்மார்க்கில் இருபத்தைந்து வருடமாகப் பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். இங்கே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பார்த்து 'ஹேதெ' என்றால் நாங்கள் செய்கிற வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் குந்துவோம். கீரையைச் சொன்னால் விட்டுவிடுவோம். ஆளைச் சொன்னால் விட மாட்டோம். ஆளைப் பிடிக்காது என்று சொல்ல வேறு வழி இருக்கிறது, "தாங்க முடியவில்லை" என்கிற மாதிரி ஒரு தொடர். பிள்ளை அதைச் சொல்லப் பழக வேண்டும்.

இன்னொன்று, நோர்வேயின் குற்றவியல் சட்டம் 185ஆம் பிரிவில் ஒரு கூட்டத்தாரை இழிவுபடுத்தும் பேச்சைச் சொல்ல வருவதும் இந்த 'ஹாட்' தான். அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. சுவீடிஷில் இணையத்தில் ஒருவரைத் துரத்தித் துரத்தித் திட்டுவதற்கு 'நெட்ஹாட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முனை மழுங்கிய சொல் என்றால் இவற்றுக்கெல்லாம் உதவாது. சாப்பாட்டைத் தொடும்போது மழுங்கலாக இருக்கும் சொல், மனிதரைத் தொடும்போது கூராகிவிடுகிறது. நிலாவுக்கு வலித்தது சரியாகத்தான் வலித்தது.

யாழினி_மொழியியல்:

பழஞ்சொல் ஐயா, முதுகலையில் இந்தோ-ஐரோப்பிய மொழியியல் ஒரு தாள் படிக்கிறேன். இந்தச் சொல்லுக்கு கிரேக்கத்தில் உறவு 'கேடோஸ்' என்று பாடத்தில் வந்தது. அதற்குப் பொருள் அக்கறை, கவலை என்று போட்டிருந்தார்கள். ஒலி எப்படிப் பொருந்துகிறது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை, பொருள் எப்படிப் பொருந்துகிறது என்பது அதைவிடப் பிடிபடவில்லை. அக்கறை எப்படி வெறுப்பாகும்?

பழஞ்சொல்:

ஒலியை ஒரே எடுத்துக்காட்டில் முடித்துவிடலாம் யாழினி. இதயத்துக்கு கிரேக்கத்தில் கார்டியா. கார்டியாலஜி என்று மருத்துவமனைப் பலகையில் தினமும் பார்க்கிறோம். அதே சொல் ஆங்கிலத்தில் ஹார்ட். முதலில் இருந்த 'க்' 'ஹ்' ஆயிற்று, பின்னால் இருந்த 'ட'கரம், அதாவது மெல்லிசாக ஒலிக்கும் டி, வல்லிசான டி ஆயிற்று. கேடோஸ், ஹேட் இரண்டிலும் நடந்தது அட்சரம் பிசகாமல் இதேதான். டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் 1818இல் இதைக் கவனித்து எழுதினார். 1822இல் யாக்கோப் கிரிம் விதியாக வகுத்தார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்.

பொருள்தான் ரசமான இடம். கேடோஸ் என்றால் வெறும் அக்கறை மட்டும் இல்லை. செத்தவருக்காகப் படும் துக்கம், ஈமச்சடங்கு, இவையும் கேடோஸ். திருமணத்தால் வந்த சம்பந்தமும் கேடோஸ், சம்பந்தி உறவுக்காரருக்குப் பெயரே 'கேடெஸ்டேஸ்'. கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் தவறாமல் வந்து நிற்க வேண்டியவர் யார் என்று நினைத்துப் பாருங்கள், இந்த மூன்று பொருளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். வெல்ஷ் மொழியில் இதே வேர் கோபம் என்ற பொருளில் நின்றது. பழைய இத்தாலியில் பேசிய ஆஸ்கன் மொழியில் பகைமை. ஈரானிய அவெஸ்தாவில் துயரம். ஆக, மூலத்தில் இருந்தது இன்னொருவர் பொருட்டு மனம் கொதிப்பது என்ற அளவுக்குத்தான் தெரிகிறது. கிரேக்கர் கையில் அந்தக் கொதிப்பு பரிவாயிற்று, ஜெர்மானியர் கையில் வெறுப்பாயிற்று.

நமக்கு இது புதுசா? இன்றைக்கு வெறுப்பு என்றால் ஒரே பொருள்தான். தொல்காப்பிய உரியியலைத் திறந்தால் "விறப்பும் உறப்பும் வெறுப்பும் செறிவே" என்று இருக்கிறது. குறள் 600இல் "உரமொருவற்கு உள்ள வெறுக்கை" என்றால் ஊக்கத்தின் மிகுதி. பள்ளிக்கூடத்தில் இந்தக் குறளை நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது எழுந்து, "ஐயா, வெறுக்கை எப்படி நல்லதாகும்?" என்று கேட்கும். அந்தப் பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வாணி_பிராங்க்ஃபர்ட்:

இந்த இழையை நேற்றிரவே படித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியில் பதினோரு வருடமாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன், நீதிமன்றத்திலும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹாஸ்ஸெனுக்கு ஒரு தம்பி உண்டு, 'ஹெட்ஸென்'. வேர் அதேதான். ஒரு வினையைப் பிறவினை ஆக்கும் பழைய வழிப்படி, 'வெறுக்க வை', 'துரத்த வை' என்று பிறந்தது. வேட்டைக்காரன் நாயை மான்மேல் ஏவுவதுதான் அதன் அடிப்படைப் பொருள். நம் ஊரில் நாயைச் 'சூ காட்டிவிடுவது' என்கிறோமே, அச்சு அசலாக அதே. இன்று ஒரு கூட்டத்துக்கு எதிராக மக்களைக் கிளப்பிவிடும் பேச்சு 'ஹெட்ஸெ'. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 130ஆம் பிரிவுக்குப் பெயர் 'ஃபோல்க்ஸ்ஃபெர்ஹெட்ஸுங்'. யூதர்களுக்கு எதிரான சுவர்க்கிறுக்கல்களும் சேதங்களும் பெருகியபோது 1960இல் அது இன்றைய பெயருக்கும் பெரும்பாலும் இன்றைய வடிவத்துக்கும் வந்தது. மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சுவீடன்காரர்கள் ஜெர்மனிலிருந்து இந்தச் சொல்லை வாங்கி 'ஹெட்ஸ்' என்று தங்கள் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஒருமுறை ஒரு வழக்கில் இந்தச் சொல்லை நான் தமிழில் "வெறுப்பைப் பேசினார்" என்று சொன்னேன். எதிரே இருந்த ஐயா உடனே, "மனசில் வெறுப்பு இருப்பது குற்றமா அம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே குற்றம் மனசில் இருப்பது இல்லை, ஏவிவிடுவது. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி சொன்னேன்: "மற்றவர்மேல் சனங்களை ஏவிவிட்டார் என்கிறார்கள்." அவர் தலையாட்டினார். அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும், நம் பத்திரிகைகளில் வரும் 'வெறுப்புப் பேச்சு' என்ற தொடர் எனக்கு அரைகுறையாகவே படுகிறது. ஆங்கிலத்திலிருந்து அப்படியே எடுத்தது. 'ஏவல் பேச்சு', 'தூண்டல் பேச்சு' இவற்றில் ஒன்று இன்னும் நெருங்கி வரும்.

பழஞ்சொல்:

வாணி அம்மா சொன்ன நாய்க்கு வடக்கே ஓர் ஓநாய் சாட்சி இருக்கிறது. பழைய நோர்ஸ் புராணத்தில் நிலாவைத் துரத்திக்கொண்டே ஓடும் ஓநாயின் பெயர் 'ஹாத்தி'. வெறுப்பவன், பகைவன் என்று பொருள். வெறுப்பும் துரத்தலும் அந்தக் காலத்தில் ஒட்டியே கிடந்தன.

ஐந்தோவன்_செந்தில்:

வாணி அக்கா, அருமை. ஜெர்மன் வகுப்பில் படித்த இன்னொன்று ஞாபகம் வருகிறது. 'ஹெஸ்லிஷ்' என்றால் அசிங்கமான, அழகில்லாத. அதுவும் இந்த ஹாஸ்தானே? முதலில் 'பகை நிறைந்த' என்று இருந்து, அப்புறம் பார்க்கப் பிடிக்காத முகத்துக்கு வந்து நின்றுவிட்டது.

டச்சில் அசிங்கத்துக்கு 'லேலெக்'. அது பழைய 'லேட்-லிக்', துன்பம் தருகிற மாதிரி. ஜெர்மன் 'லைட்', ஆங்கில 'லோத்' எல்லாம் அந்தக் குடும்பம். "இஷ் கான் டிஷ் நிஷ்ட் லைடென்", உன்னைப் பிடிக்காது என்று ஜெர்மனில் சொல்கிறார்களே, அந்த லைடெனும் இதே வேர்தான் என்று நினைக்கிறேன்.

வாணி_பிராங்க்ஃபர்ட்:

ஹெஸ்லிஷ் சரி. லேலெக் சரி. கடைசி வரி தவறு தம்பி, ஆனால் ஜெர்மன்காரர்களே விழும் குழி அது. 'துன்பம்' என்ற லைட் வேறு, 'துன்பப்படு, பொறுத்துக்கொள்' என்ற லைடென் வேறு. லைடென் பழைய காலத்தில் 'போ, பயணம் செய்' என்று இருந்த வினை. கடந்து போவதிலிருந்து அனுபவிப்பதற்கும், அங்கிருந்து பொறுப்பதற்கும் வந்தது. இரண்டும் ஒலியில் ஒட்டி உட்கார்ந்ததால் உறவு மாதிரித் தெரிகிறது. "உன்னைப் பொறுக்க முடியாது" என்பதுதான் நீங்கள் சொன்ன வாக்கியம்.

ஆனால் லைட் குடும்பத்தை எடுத்தீர்களே, அதற்கு நன்றி. ஒரே உரிச்சொல் எங்கெங்கே போய் விழுந்திருக்கிறது பாருங்கள். ஆங்கிலத்தில் அருவருப்போடு வெறுக்கும் 'லோத்'. டச்சில் முக அழகின்மை. ஜெர்மனில் துயரம், மன்னிப்புக் கேட்கும் "எஸ் டூட் மிர் லைட்". சுவீடிஷில் 'லெட்சென்' என்றால் வருத்தமாக இருப்பது. ஐஸ்லாந்தில் 'லெய்தின்லெகுர்' என்றால் சலிப்பூட்டுவது, ஒரு மழைநாள் ஞாயிறு மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் ஃபிராங்க் இனத்தாரிடமிருந்து வாங்கி 'லே' என்று வைத்திருக்கிறார்கள், அங்கேயும் அசிங்கம். ஹேட் எங்கே போனாலும் ஹேட்டாகவே நின்றது. அதன் பக்கத்து வீட்டுச் சொல் ஊருக்கு ஊர் குணம் மாறிவிட்டது.

நிலா_ஒஸ்லோ:

வாணி, உங்கள் பதிவை வாசித்தவுடன் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். நோர்வீஜியத்தில் 'லெய்' என்று ஒரு சொல் இருக்கிறது. "யெய் எர் லெய் மெய்" என்றால் எனக்குக் கவலையாக இருக்கு. "லெய் ஆவ்" என்றால் ஒன்று அலுத்துப்போச்சு, போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டும் நான் ஒவ்வொரு நாளும் கேட்கிற சொல். இதுவும் அந்தக் குடும்பமா?

வாணி_பிராங்க்ஃபர்ட்:

ஆமாம் அக்கா, அதே சொல். பழைய நோர்ஸில் 'லெய்த்ர்'. கடைசி ஒலி நோர்வேயில் கரைந்துவிட்டது.

யாழினி_மொழியியல்:

எனக்கு ஒன்று தோன்றுகிறது. பழைய ஆங்கிலத்தில் லோத் வினை நாம் இன்று பார்க்கிற மாதிரி நடக்கவில்லை. "மே லாத்தத்" என்பார்கள். 'மே' என்றால் 'எனக்கு'. எழுவாயாக 'நான்' நிற்காது. பிடிக்கும் என்பதும் அப்படியே, "மே லீகத்", எனக்குப் பிடிக்கிறது. பின்னால்தான் ஆங்கிலம் இரண்டையும் திருப்பிப் போட்டு 'நான்' என்பதை முன்னால் கொண்டுவந்தது. ஐஸ்லாந்தில் இன்றும் சலிப்பு "எனக்கு"த்தான் வருகிறது. ஜெர்மனில் "மிர் ஏகெல்ட்", எனக்கு அருவருக்கிறது.

தமிழில் "எனக்குப் பிடிக்காது", "எனக்கு வெறுத்துப்போச்சு" என்கிறோம். 'நான் வெறுக்கிறேன்' என்பது நமக்கு நாடக வசனம் மாதிரிக் கேட்பது இதனால் இருக்குமோ? ஹேட் வினை ஜெர்மானிய மொழிகளில் தொடக்கத்திலிருந்தே 'நான் உன்னை' என்று செயலாகத்தான் நடந்திருக்கிறது. ஒருவர் செய்கிற காரியம் அது. லோத் ஒருவருக்கு நேர்கிற காரியம். நிலா அக்கா முதல் நாள் தமிழில் போட்டுப் பார்த்தபோது தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பழஞ்சொல்:

யாழினி, இதை எழுதி உன் பேராசிரியரிடம் கொடு. மனம் நிறைந்து சொல்கிறேன்.

இப்போது கோதிக்குக்கு வருகிறேன், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளை கோதிக்கில் பெயர்த்தார். ஆறாம் நூற்றாண்டில் அதை ஊதாச் சாயம் தோய்த்த தோலில் வெள்ளி மையாலும் தங்க மையாலும் எழுதிய சுவடி இன்று சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 336 தாள்களில் மிஞ்சியது 188, அதில் ஒன்று மட்டும் 1970இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரில் கிடைத்தது.

அதில் மத்தேயு 5:44ஐப் பாருங்கள். "ஃப்ரியோத் ஃபியாண்ட்ஸ் இஸ்வரன்ஸ்", உங்கள் பகைவரை நேசியுங்கள். அதே வசனத்தில் கொஞ்சம் தள்ளி "தைம் ஹத்யந்தம் இஸ்விஸ்", உங்களை வெறுப்பவர்களுக்கு. அதாவது வெறுப்புக்கு கோதிக்கில் இரண்டு வேர். ஒன்று நம் ஹத்யன். இன்னொன்று 'ஃபியன்'. 'ஃபியாண்ட்ஸ்' என்பது ஃபியன் வினையின் எச்சம், 'வெறுத்துக்கொண்டிருப்பவன்'. 'ஃப்ரியோன்' என்றால் நேசி, அதன் எச்சம் 'ஃப்ரியோண்ட்ஸ்', 'நேசித்துக்கொண்டிருப்பவன்'. இந்த இரண்டும்தான் ஆங்கிலத்தில் ஃப்ரெண்ட், ஃபீண்ட். ஜெர்மனில் ஃபிராய்ண்ட், ஃபைண்ட். நண்பனும் பகைவனும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு எச்சங்கள்.

ஃபியன் வினை பிற்காலத்தில் எல்லாக் கிளையிலும் செத்துவிட்டது. அதன் எச்சம் மட்டும் பகைவனாக உயிரோடு நடமாடுகிறது. விதிவிலக்கு மாதிரி ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி இருக்கிறது. அவர்கள் "இக் ஹோப் திக் ஃபைண்ட்" என்பார்கள், 'உன்னைப் பகையாக வைத்திருக்கிறேன்'. அன்புக்கு "இக் ஹோப் திக் லிப்".

ஃப்ரியோனுக்கு நம் வீட்டிலும் ஆள் உண்டு. சமஸ்கிருத 'ப்ரிய' அதே வேர். நாம் 'பிரியம்' என்று வாங்கி வைத்திருப்பது அதைத்தான்.

தென்றல்_ஓர்ஹூஸ்:

ஐயா, நான் ஒவ்வொரு ஞாயிறும் தமிழ் வேதாகமம் வாசிக்கிறவள். பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்", கொஞ்சம் தள்ளி "உங்களைப் பகைக்கிறவர்களுக்கு நன்மை செய்யுங்கள்" என்று வரும். வெறுக்கிறவர்கள் என்று இல்லை, பகைக்கிறவர்கள். இரண்டு எசமான்கள் வசனத்திலும் "ஒருவனைப் பகைத்து, மற்றவனைச் சிநேகிப்பான்." சின்ன வயதிலிருந்து மனப்பாடம், ஆனால் ஏன் 'பகை' என்று இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது. கோதிக் ஃபியன் மாதிரியே, வெறுப்பவனும் பகைவனும் ஒரே வேரில்!

அப்படியானால் மொழிபெயர்ப்பில் ஹேட்டுக்குப் பகை என்று போடுவதுதான் சரி என்பேன்.

வாணி_பிராங்க்ஃபர்ட்:

அக்கா, வேதாகமத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். பேச்சுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். 'பகை' என்றால் எதிரே ஒருவர் நிற்க வேண்டும். இடியப்பத்தைப் பகைக்க முடியாது. என் அனுபவத்தில் ஒரே தமிழ்ச் சொல்லை வைத்து இதைச் சமாளிக்கவே முடியாது. ஒரு பெண் தன் கணவனைப் பற்றி "இஷ் ஹாஸ்ஸெ ஈன்" என்று சொன்னதை எழுத வேண்டியிருந்தது. 'வெறுக்கிறேன்' என்று எழுதி அடித்தேன், 'பிடிக்கவில்லை' என்று எழுதி அடித்தேன். கடைசியில் "அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது" என்று எழுதினேன். அவளிடம் வாசித்துக் காட்டியபோது, "அதேதான் அக்கா" என்று தமிழிலேயே சொன்னாள்.

தென்றல்_ஓர்ஹூஸ்:

"கண்டாலே ஆகாது." சரி, விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் சட்டத்துக்கு இது போதாது.

ஐந்தோவன்_செந்தில்:

பிரெஞ்சுக்கு ஒரு வரி சேர்க்கிறேன், நேற்று ஒரு பாண்டிச்சேரி நண்பரிடம் கேட்டேன். அங்கே வெறுப்புக்கு 'ஏன்', எழுத்தில் முன்னால் ஒரு ஹகரம், வாயில் அது வராது. ஆனாலும் சுட்டுச்சொல்லை முன்னால் வைத்தால் ஒட்டாது, 'லா ஏன்' என்று விட்டுத்தான் சொல்ல வேண்டும். ஜெர்மானியரிடமிருந்து வந்த பல சொற்களுக்கு இந்த அடையாளம் உண்டாம். ஒலி போய் சில நூற்றாண்டுகள் ஆனாலும் அதற்கான இடத்தை இன்னும் காலியாக வைத்திருக்கிறார்கள். இதிலிருந்தே ஆங்கிலம் கொடூரமான குற்றத்துக்குச் சொல்லும் 'ஹேனஸ்' என்ற சொல்லைத் திரும்ப வாங்கியிருக்கிறது. சொந்தச் சொல் வெளியூர் போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

நிலா_ஒஸ்லோ:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸிலும்கூட.

நேற்றுப் பள்ளியால் வரும்போது மகளிடம் கேட்டேன். அவள் கையுறையைக் கழற்றி வாயில் கடித்துக்கொண்டு ஜாக்கெட் சிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "அன்றைக்கு அம்மாவை ஹாட்டர் என்றாயே, அது ஹாட்டரா, லெய்யா?" என்று கேட்டேன். கையுறையை எடுத்துவிட்டு நல்லாக யோசித்தாள். பிறகு, "இடியப்பம் லெய் ஆவ். திங்களும் அதுதான், புதனும் அதுதான்" என்றாள். உண்மைதான், அந்தக் கிழமை நான் இரவு வேலை, இடியப்பம்தான் சுகமாக முடிந்தது.

"அப்ப நான்?" என்று கேட்டேன்.

"நீங்கள் கத்தினீங்கள். அப்ப நான் லெய் மெய்" என்றாள்.

அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சொல்லிக் கொடுத்தேன். "எனக்குக் கவலையா இருந்துச்சு." வீடு வரும்வரைக்கும் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள். 'ழ' வராத பிள்ளை, இதில் அந்த எழுத்து இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. தென்றல் அக்கா, நீங்கள் சொன்ன 'தாங்க முடியவில்லை' தொடரின் நோர்வீஜிய வடிவத்தையும் அவளுக்குச் சொல்லிவைத்தேன். இன்றைக்குப் புட்டு அவிக்கிறேன்.